வேலை போன பிறகு எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது: எல்லையோரத் தொழிலாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கேரளத்துக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் 11 வருடம் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்தேன். வீடு எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு க.க.சாவடியில். ஆலை நின்றபோது தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போய்வந்த நாற்பது பேருக்கு மேல் ஒரே வாரத்தில் வெளியே வந்தோம். அதன் பிறகு எட்டிமடை, நவக்கரை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் வேலை போனால் என்னிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். அவர்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்ததில் ஒன்று தெரிந்தது. தடுமாறியவர்கள் எல்லாருமே ஏதோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள்.

மனதில் தெம்பு வந்ததும் வேலை தேடலாம் என்று காத்திருந்தவர்களுக்குக் காத்திருப்பே பழகிப்போனது. சின்னச் சின்ன காரியங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தெம்பு நடுவழியில் வந்து சேர்ந்தது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஃபைல், 100 பக்க நோட்டு ஒன்று, ஆதார், பான், பாஸ்புக், வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டர், கடைசி 6 மாதச் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். யூ.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத எண்). காண்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தவர்கள் காண்ட்ராக்டரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். பி.எஃப். பிடித்தது யார் பெயரில் என்பது பிறகு தேவைப்படும்.

1. தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். எங்கள் அலுவலகத்தில் ஒரு மலையாளத் தாளை நீட்டி, "ராஜிக்கத்து, ஒப்பிட்டுட்டு போகலாம்" என்றார்கள். தமிழில் ராஜி என்றால் சமரசம். பேசி முடித்துக் கணக்குத் தீர்க்கிறார்கள் என்று நினைத்து எங்களில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மலையாளத்தில் ராஜி என்றால் ராஜினாமா.

இது ஏன் பெரிய விஷயம்? நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்தால், 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்குக் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுத்தால் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது.

தாளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம், குரல் உயர வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அன்றைக்கே இன்னும் இரண்டு வேலை உண்டு. கம்பெனி கொடுத்த சிம் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் பி.எஃப்., வங்கி, ஆதார் எதிலாவது அந்த எண் இணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். சிம் போய்விட்டால் ஓ.டி.பி. வராது, எல்லாமே முட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் பி.எஃப். பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். நமக்கு இனிஷியல்தான் எப்போதும் தகராறு: ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து பின்னால் இருக்கும். திருத்தத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவைப்படலாம். அலுவலகம் பூட்டிய பிறகு கையெழுத்துக்கு ஆள் தேடி அலைவது கொடுமை.

2. வீட்டில் அன்று இரவே சொல்லுங்கள்

நான் சொல்லவில்லை. நாலு நாள் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். கஞ்சிக்கோடு போய் பழைய ஆட்களோடு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, அதே நேரத்துக்குத் திரும்பினேன். நாலாம் நாள் துணி துவைக்கும்போது வீட்டுக்காரி சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "நாலு நாளாச் சட்டையில கரியே இல்லீங்க. என்னன்னு சொல்லிப்போடுங்க." பதினோரு வருடமாக அந்தக் கரியைக் கல்லில் தேய்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

வேலை போனதை விட, நாலு நாள் தனியாகச் சுமந்ததுதான் அவளுக்கு வலித்தது. அந்த நாலு நாளில் நான் ஒரு காகிதத்தையும் வாங்கவில்லை, ஒருவரிடமும் வேலை கேட்கவில்லை. மறைப்பதற்கே முழு ஆளும் செலவாகிப்போகிறது. முதலில் சொல்லச் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். "அப்பாவுக்கு அந்த ஃபேக்டரியில வேலை இல்லை, வேற பார்க்கிறேன். உன் ஸ்கூல் மாறாது" என்பது போல இரண்டு வரி போதும். மாறுமென்றால் அதையும் மறைக்காதீர்கள்.

3. முதல் வாரம்: எந்தக் காகிதத்துக்கு எல்லையின் எந்தப் பக்கம்

நம் பக்கத்து ஆட்கள் வீணாக அலைவது இதில்தான். ஃபேக்டரி எங்கே இருந்ததோ அந்த மாவட்டத்துத் தொழிலாளர் அலுவலகத்தில்தான் சம்பளப் பாக்கி, இழப்பீடு, கிராஜுவிட்டி, போனஸ் புகாரெல்லாம். கஞ்சிக்கோடு என்றால் பாலக்காடு. கோயம்புத்தூரில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மத்திய அரசுடையவை. உங்கள் எண் எல்லை தாண்டினாலும் அதேதான். வேலைவாய்ப்புப் பதிவு, ரேஷன், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு இதெல்லாம் குடியிருக்கும் மாநிலத்தில்.

*கிராஜுவிட்டி.* 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

*போனஸ்.* கேரளத்தில் ஓணத்துக்கு முன் தருவது வழக்கம். ஜூன், ஜூலையில் வேலை போனவர்கள் "ஓணத்துக்கு நாம் அங்கே இல்லையே" என்று கைகழுவி விடுகிறார்கள். அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்து, மாதச் சம்பளமும் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் உங்களுக்கு வர வேண்டியது. பண்டிகையன்று அங்கே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

*இ.எஸ்.ஐ.* கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கானது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பருக்கு. வேலை நின்ற அன்றே வைத்தியமும் நின்றுவிட்டது என்று நினைத்துத் தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிச் செலவழித்தவர்கள் உண்டு.

வேலையிழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு தடவை. இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா போயிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று சந்தாக் காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதே போல. வேலை நின்று 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்குக் கிடையாது. காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

*பி.எஃப்.* இங்கே நான் கெஞ்சியே கேட்பேன்: மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்கு 10 வருடச் சேவை வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துபோகும். 7 வருடம் முடித்தவர் அவசரப்பட்டு எடுத்தார். இன்றைக்கு வேறு இடத்தில் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். 5 வருடத்துக்குள் எடுத்தால் வரியும் பிடிக்கலாம். கட்டாயம் தேவையென்றால் தேவையான அளவு மட்டும். நிர்வாகம் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

4. கையில் இருப்பதை மாதமாகக் கணக்கிடுங்கள்

அரிசி, பால், கேஸ், கரண்ட், வாடகை, பள்ளிக்கூடம், மருந்து. இதற்கு மட்டும் மாதம் எவ்வளவு? கையிருப்பை அதால் வகுங்கள். 54,000 ரூபாய் இருக்கிறது, மாதம் 13,500 ஆகிறது என்றால் நாலு மாதம். "பணமே இல்லை" என்கிற பயத்துக்கு அளவே கிடையாது. நாலு மாதம் என்பது ஓர் அளவு, அதை வைத்துத் திட்டம் போடலாம்.

கடன் தவணை இருந்தால் தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதன் பிறகு பேச்சுக்கு இடம் குறைவு. இந்தப் பக்கம் கந்துவட்டிக்காரர், அந்தப் பக்கம் 'பிளேடு'க்காரர், இருவர் வாசலுக்கும் போகாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைப்பது மேல்.

5. பொழுதுக்கு ஒரு கட்டுப்போடுங்கள்

ஷிஃப்ட் இருந்தவரை பொழுது நம்மைக் கேட்காமலே நகர்ந்தது. அது போனதும் நாள் அப்படியே கலைந்து கிடக்கும். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் ஒரே ஒரு நூற்பாலை இருந்தது. 1930 வாக்கில் அது மூடப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் அங்கே போய்த் தங்கிப் பார்த்தார்கள். நிறைய நேரம் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்து, நடுநடுவே நின்று நின்று போனார்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மில் மூடிய எந்த ஊர்க்காரருக்கும் இந்த நடை தெரியும்.

அதனால் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். நான் 4:45 அலாரத்தை நிறுத்தவே இல்லை. எழுந்து நடந்து, குளித்து, வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொள்வேன். 9 முதல் 12 வரை வேலை தேடுவது மட்டும்: போன், விண்ணப்பம், நேரில் போவது. மதியத்துக்கு மேல் கற்றுக்கொள்வதோ வீட்டு வேலையோ. சாயங்காலம் ஆட்களைப் பார்ப்பது. நாள் முழுக்க வேலை தேடுபவர் இரண்டாம் வாரமே களைத்துவிடுகிறார். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதம் தாங்கும்.

இரவு படுக்கும் முன் நோட்டில் அன்று முடித்த மூன்று காரியங்களை எழுதுங்கள். "பாஸ்புக் என்ட்ரி போட்டேன்" என்பதும் ஒரு காரியம்தான். ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது, சும்மா கிடந்ததாக நினைத்த மாதத்தில் தொண்ணூறு காரியம் இருக்கும்.

6. மனதில் இருப்பதை எழுதுங்கள், முடியாவிட்டால் பேசுங்கள்

அமெரிக்காவில் வேலையிழந்த பொறியாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1994இல் வெளியானது. ஒரு பிரிவினரை 5 நாள், தினம் 20 நிமிடம், வேலை போனது பற்றி மனதில் உள்ளதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்களை விட அவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவில்லை, கூடுதல் ஆட்களைப் பார்க்கவும் இல்லை. இன்டர்வியூவில் உட்கார்ந்து பழைய முதலாளியைத் திட்டுபவருக்கு வேலை கிடைக்காது. அந்தக் கோபத்தைத் தாளில் இறக்கிவிட்டுப் போனால் பேச்சு சுத்தமாக வரும். நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். எழுதிய தாளை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

தூக்கமே இல்லாமல் இரண்டு வாரம் போகிறது, குடி கூடுகிறது, "நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது" என்ற நினைப்பு வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். உங்களோடு வேலை பார்த்தவர் கூட்டத்திலிருந்து திடீரென்று விலகினால் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். போன் மட்டும் போதாது.

7. கொஞ்சமே பழகிய ஆட்களிடம் கேளுங்கள்

மச்சானுக்கும் பங்காளிக்கும் தெரிந்த வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாத இடத்துக்கு வழி திறப்பவர்கள் அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள்: ஸ்கிராப் கொண்டுவந்த லாரி டிரைவர், மோட்டார் ரீவைண்டிங்காரர், சோதனைக்கு வந்த எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். இவர்கள் ஒரு நாளில் பத்து ஃபேக்டரி பார்க்கிறார்கள். எனக்கு மலுமிச்சம்பட்டியில் ஆள் தேவை என்று சொன்னவர் எடைமேடையில் சீட்டு எழுதியவர்.

"ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க அண்ணா" என்று கேட்காதீர்கள். அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "இண்டக்ஷன் ஃபர்னஸ் 11 வருடம் பார்த்திருக்கேன், லைனிங் போடுவேன், நைட் ஷிஃப்ட் வருவேன். குறிச்சி, கிணத்துக்கடவு வரைக்கும் போவேன்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் அவர் அடுத்த இடத்தில் அப்படியே ஒப்பிக்க முடியும்.

கூடவே தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்களுக்கும் போங்கள். பழைய பதிவு இருந்தால் 3 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

8. உங்களுக்குத் தெரிந்ததை வெளியே எடுங்கள்

வளர்ச்சி என்றவுடன் புதுப் படிப்புக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் கையில் இருப்பதை எண்ணுங்கள். "என்ன தெரியும்?" என்று கேட்டால், "சும்மா ஹெல்ப்பர்தாங்க" என்று சொன்ன ஒருவரை உட்கார வைத்துக் காலையிலிருந்து என்னென்ன செய்வார் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். கிரேன் ஓட்டுவார். ஸ்டோரில் சரக்கு வரவு செலவை கம்ப்யூட்டரில் ஏற்றுவார். புதிதாக வரும் வடமாநிலப் பையன்களுக்கு இந்தியில் வேலை சொல்லிக் கொடுப்பார். நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது. அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பயோடேட்டாவில் எண்களோடு எழுதுங்கள்: எத்தனை டன் ஃபர்னஸ், எத்தனை ஆட்களைப் பார்த்துக்கொண்டீர்கள், எத்தனை வருடம். அப்புறம், நம்மில் முக்கால்வாசிப் பேர் எழுதாமல் விடுவது ஒன்று இருக்கிறது. மலையாளம் பேசத் தெரியும் என்பது. கோயம்புத்தூர் மருத்துவமனைகள், லாரி புக்கிங், மொத்த வியாபாரக் கடைகள், பம்ப் கம்பெனிகளின் விற்பனைப் பிரிவு எல்லாமே கேரளத்தோடு தினம் பேசுகிறவை. பேசத் தெரிந்தவர் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், பஸ் போர்டிலிருந்து தொடங்கலாம். ராஜிக்கத்தை வாசிக்கவும் அது உதவும்.

9. படிப்பை விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் வந்த பத்து வேலை விளம்பரங்களை நோட்டில் ஒட்டுங்கள். பத்தில் ஆறில் ஒரே தகுதி கேட்டிருந்தால் அதைப் படியுங்கள். முதலில் பணத்தைக் கட்டிப் படித்துவிட்டு, அப்புறம் வேலை எங்கே என்று தேடுவது தலைகீழ் வரிசை. அனுபவம் இருந்து சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். கல்ஃப் வேலை என்று சொல்லும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்பதும் ஏமாற்றுதான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

கிடைத்த இழப்பீட்டை வைத்து உடனே கடை போடுவதும் வேண்டாம். ஆறு மாதம் யாராவது ஒருவர் கடையில் நின்று தொழிலைப் பாருங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பது சேமிப்பைக் கொட்டிக் கற்பதை விட நல்லது.

10. இடைக்கால வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், தேதி போட்டு

செங்கல் சூளையோ, தென்னந்தோப்போ, செக்யூரிட்டியோ, வருவதைச் செய்யுங்கள். ஆனால் நோட்டில் எழுதுங்கள்: "மார்ச் 31 வரை இது." தேதி போடாதவர்கள் மூன்று வருடம் அதிலேயே இருந்துவிடுகிறார்கள். காலை அந்த மூன்று மணி நேரம் போய்விட்டால், வாரத்தில் ஒரு விடுமுறை நாளையாவது தேடுவதற்கு ஒதுக்குங்கள்.

11. புது இடத்தில் சேரும் அன்று

பழைய யூ.ஏ.என். எண்ணைக் கொடுங்கள். "புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்" என்று அலுவலகத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வருடங்கள் இரண்டு கணக்காகப் பிரிந்துவிடும். பழைய கணக்கை மாற்றும் விண்ணப்பத்தை முதல் மாதமே போடுங்கள். இ.எஸ்.ஐ. எண்ணும் பழையதே தொடரட்டும்.

சேர்ந்த ஆர்டரை அதே ஃபைலில், பழைய ஆர்டருக்கு மேலே வையுங்கள். அடுத்த மாதம் இருபது தேதிக்கு மேல் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து புது நிறுவனத்தின் பெயரில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த வாரமே கேளுங்கள்.